தேசம், காலம், பாத்திரம்: இடம்பெயர்ந்து வாழும் குழந்தைகளுக்கான தொண்டு

கொடுக்கும் மனம் வாய்ப்பது ஒரு பேறு. தகுந்த முறையில் கொடுக்கும் அறிவு வாய்ப்பது அதனினும் பெரிய பேறு. பகவத் கீதையின் பதினேழாம் அத்தியாயம் தானத்தை மூவகையாகப் பிரித்துக் காட்டுகிறது. கொடுப்பது கடமை என்னும் உணர்வோடு, கைம்மாறு கருதாமல், உரிய இடத்தில், உரிய காலத்தில், உரியவருக்கு அளிப்பது சாத்விக தானம். பயனை எதிர்பார்த்தோ, மனம் நொந்தோ அளிப்பது ராஜஸ தானம். இடமும் காலமும் பொருந்தாமல், பெறுபவரை மதியாமல் அளிப்பது தாமஸ தானம். கொடுக்கப்படும் பொருள் மூன்றிலும் ஒன்றாகவே இருக்கலாம். தேசம், காலம், பாத்திரம் ஆகிய மூன்றோடு கொடுப்பவரின் மனநிலையும் சேர்ந்தே தானத்தின் தரத்தை நிர்ணயிக்கின்றன.

பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் செல்லும் தொழிலாளர்களின் குழந்தைகளுக்குத் தொண்டு செய்ய முற்படும்போது இம்மூன்றும் கடுமையான சோதனைகளாகின்றன. அக்குழந்தைக்கு நிலையான தேசம் இல்லை. பள்ளியின் காலமும் பெற்றோரின் வேலைக் காலமும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. அது பாத்திரம் என்று அறிவதற்கு அதன் பெயர் அந்த ஊரின் எந்தப் பதிவேட்டிலும் இருப்பதில்லை. ஆகவே நல்ல மனத்தோடு கொடுக்கப்படும் உதவிகூட அதனைச் சென்றடையாமல் போய்விடுகிறது. இதை எவ்வாறு சரிசெய்வது என்பதே இப்பாடத்தின் பொருள்.

திருச்சானூர் உணர்த்தும் பாடம்

திருப்பதிக்கு ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தொலைவில் உள்ளது அலமேலுமங்காபுரம் என்றும் வழங்கப்பெறும் திருச்சானூர். பத்மாவதித் தாயார் எழுந்தருளியுள்ள இத்தலத்தைச் சூழ்ந்த புராணத்தை ஊன்றிப் படித்தால், அது வீடற்றவர்களை ஆதரித்தவர்களின் வரலாறாகவும் விளங்குவதைக் காணலாம்.

வைகுண்டத்தை விட்டு வந்த சீனிவாசனுக்குப் பூவுலகில் தங்க இடமில்லை, புற்றே இருப்பிடமாயிற்று. இடையன் ஓங்கிய கோடரியால் தலையில் காயமும் பட்டது. அந்நிலையில் அவரைத் தம் மகனாக ஏற்று, மருந்திட்டு, உணவளித்துக் காத்தவர் வகுளாதேவி. இருக்க இடம் தந்தவர் வராகசுவாமி. அந்த நன்றியின் அடையாளமாகவே திருமலையில் முதல் பூஜையும் முதல் நைவேத்தியமும் அவருக்கு உரியவையாயின. திருமணச் செலவுக்குக் குபேரனிடம் கடன் பெறவும் நேர்ந்தது. அடியார்கள் உண்டியலில் இடும் காணிக்கை அக்கடனைத் தீர்க்கவே என்பது மக்களின் நம்பிக்கை.

பத்மாவதியின் கதையும் இத்தகையதே. மக்கட்பேறின்றி வருந்திய ஆகாசராஜன் வேள்விக்காக நிலத்தை உழுதபோது, தாமரையில் கிடந்த ஒரு பெண் குழந்தையைக் கண்டான். அக்குழந்தை யாருடையது என்று ஆராய்ந்து ஒதுக்கிவிடாமல், தன் மகளாகவே வளர்த்தான்.

வீடின்மை, காயம், கடன், பெற்றவர் இன்னார் என்று அறியப்படாத பிறப்பு ஆகிய அனைத்தையும் இத்தலபுராணம் இறைவன்மீதும் இறைவிமீதும் ஏற்றிச் சொல்கிறது. அத்தகைய நிலையில் வருபவரைத் தாழ்வாக நோக்கும் உரிமை அடியார் எவருக்கும் இல்லை என்பது இதிலிருந்து பெறப்படும் முதற் பாடம். திருப்பதிக்கு அருகில் பேரூர்க் குன்றின்மேல் வகுளாதேவிக்கு ஒரு கோயில் உண்டு. நெடுங்காலம் சிதைந்து கிடந்த அக்கோயில் 2022ஆம் ஆண்டில் புதுப்பிக்கப்பட்டு வழிபாட்டுக்கு வந்தது. ஊரற்று வந்தவருக்குச் சோறிட்ட தாயாகவும் அங்குச் செல்லும் அன்பர்கள் அவளை நினைவுகூரலாம்.

ஒரே ஊர், இருவகை வருகை

திருமலை, திருப்பதி, திருச்சானூர் ஆகிய தலங்களுக்கு நாள்தோறும் வருவோர் இருவகையினர். ஒரு வகையினர் தரிசனத்துக்கு வருகின்றனர். அவர்களுக்குத் திரும்பிச் செல்ல வீடு உண்டு. அவர்களுக்காகச் சத்திரங்கள், குடிநீர், மருத்துவ உதவி, அன்னப்பிரசாதம் ஆகிய அனைத்தும் சிறந்த முறையில் அமைந்துள்ளன. திருமலையில் 1985ஆம் ஆண்டு தொடங்கிய நித்திய அன்னதானத் திட்டம் இந்நாட்டின் விருந்தோம்பல் மரபுக்கு ஓர் உயர்ந்த சான்று.

மற்றொரு வகையினர் வேலைக்கு வருகின்றனர். விடுதிகளையும் சாலைகளையும் கட்டுவோர், செங்கல் அறுப்போர், கல் உடைப்போர், கடைகளிலும் சமையற்கூடங்களிலும் உழைப்போர் ஆகியோர் இவ்வகையினர். வறண்ட ராயலசீமைச் சிற்றூர்களிலிருந்தும் தொலைதூர மாநிலங்களிலிருந்தும் அவர்கள் வருகின்றனர். யாத்திரிகர் தங்கும் அறையைக் கட்டிய கொத்தனாரின் குழந்தை, அக்கட்டடம் எழும்பும் வரை மணல் குவியலின் ஓரத்தில் உறங்குகிறது. கட்டடம் முடிந்ததும் குடும்பம் வேறிடம் செல்கிறது.

தைத்திரீய உபநிடதத்தின் சிட்சாவல்லி விருந்தினரைத் தெய்வமாகக் கொள்ளச் சொல்கிறது. பிருகுவல்லியோ, தங்க இடம் நாடி வந்த எவரையும் மறுக்காதிருத்தலை ஒரு விரதமாகவே விதிக்கிறது. வந்தவர் வழிபட வந்தாரா, பிழைக்க வந்தாரா என்ற வேறுபாட்டை அது செய்யவில்லை. திருத்தலங்களில் முதல் வகையினருக்குக் காட்டப்படும் பரிவில் ஒரு பகுதியேனும் இரண்டாம் வகையினரின் குழந்தைகளைச் சேர்கிறதா என்பது ஒவ்வொரு சேவைக் குழுவும் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா.

2020ஆம் ஆண்டின் பொது முடக்கம் இவ்வினாவை நாடு முழுவதன் முன்னும் நிறுத்தியது. அவ்வாண்டு ஏப்ரலில், தெலங்கானாவின் மிளகாய்த் தோட்டங்களில் வேலை செய்துவந்த 12 வயதுப் பழங்குடிச் சிறுமி ஒருத்தி, சத்தீஸ்கரிலுள்ள தன் ஊரை நோக்கிப் பல நாட்கள் நடந்து, வீட்டை நெருங்கும் வேளையில் வழியிலேயே உயிர்நீத்தாள். அவள் பள்ளியில் இருந்திருக்க வேண்டிய வயதினள். அவளுடைய மரணத்துக்குப் பிறகே அவள் வேலைக்குச் சென்ற செய்தி நாட்டுக்குத் தெரியவந்தது. அதே ஆண்டில், திருச்சானூரில் யாத்திரிகர்களுக்காகக் கட்டப்பட்ட பத்மாவதி நிலையம் நோய்த்தொற்றுக் காலப் பராமரிப்பு மையமாக மாற்றப்பட்டது. யாத்திரிகருக்கென எழுப்பிய கட்டடம் இடர்வந்தபோது துன்புற்றோர்க்குக் கதவு திறந்தது. இடர் இல்லாத காலத்திலும் அக்கதவு திறந்திருக்க வழிகாண்பதே தொண்டர்களின் பொறுப்பு.

தேசம்: குழந்தை இருக்கும் இடத்துக்குச் செல்லுதல்

1969ஆம் ஆண்டு மகாத்மா காந்தியின் நூற்றாண்டு. அதனையொட்டி டில்லி ராஜ்காட்டுக்கு அருகில் ஒரு பெரிய கண்காட்சி வளாகம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. அங்குத் தாய்மார்கள் கல்லும் மண்ணும் சுமக்க, அவர்களுடைய கைக்குழந்தைகள் வெயிலிலும் புழுதியிலும் கிடப்பதை மீரா மகாதேவன் என்னும் அம்மையார் கண்டார். காந்தியடிகளின் நினைவைப் போற்றும் இடத்திலேயே ஏழைக் குழந்தை புழுதியில் கிடப்பது அவர் மனத்தை வருத்தியது. அவ்விடத்திலேயே ஒரு கூடாரம் அமைத்துக் குழந்தைகளைப் பராமரிக்க ஏற்பாடு செய்தார். அதுவே 'மொபைல் கிரெஷஸ்' என்னும் நடமாடும் குழந்தைக் காப்பக இயக்கமாக வளர்ந்தது.

இம்முயற்சியின் சிறப்பு அதன் எளிமையில் உள்ளது. நகரின் நடுவே அழகிய காப்பகம் ஒன்றைக் கட்டி, தொழிலாளர்கள் தம் குழந்தைகளை அங்குக் கொண்டுவர வேண்டும் என்று காத்திருக்கவில்லை. வேலை நடக்கும் இடமே காப்பகத்தின் இடமாயிற்று. வேலை முடிந்து தொழிலாளர்கள் நகர்ந்தால் காப்பகமும் நகர்ந்தது. தாய் வேலைக்கு இடையே வந்து பாலூட்ட முடிந்தது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் சுமையிலிருந்து விடுபட்ட மூத்த பெண் குழந்தை பாடம் படிக்க முடிந்தது. ஒரு காப்பகம் இரு குழந்தைகளுக்குக் கதவு திறந்ததன் காரணம் இதுவே: கைக்குழந்தைக்குப் பாதுகாப்பு இல்லாத குடும்பத்தில் முதலில் நின்றுபோவது அக்காளின் படிப்பு.

பின்னாளில் சட்டமும் இவ்வழியில் வந்தது. 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம், ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தகுந்த அறை அமைக்க வேண்டும் என்று விதித்தது. அதன்பின் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பும் குழந்தைக் காப்பகக் கடமையைக் கைவிடவில்லை. ஆயினும் சட்டம் ஏட்டில் உள்ளவரை குழந்தை புழுதியில்தான் இருக்கும். கட்டடம் எழுப்பும் முதலாளி ஓர் அன்பராக இருப்பின், அவர் செய்யத்தக்க முதல் தொண்டு தம் சொந்தக் கட்டடத்தில் அந்த ஓர் அறையை அமைப்பதே. தொலைவிலுள்ள அனாதை இல்லத்துக்கு நன்கொடை அனுப்புவது அதற்கு அடுத்தபடியாகவே வரும்.

காலம்: திருவிழா நாளும் வேலைக் காலமும்

திருச்சானூரில் கார்த்திகை பிரம்மோற்சவம் பஞ்சமி தீர்த்தத்துடன் நிறைவுறும். அன்று திருமலையிலிருந்து பட்டும் மஞ்சளும் குங்குமமும் தாயாருக்குச் சீராக வந்துசேரும். திருமால் மனைக்குச் சீர் அனுப்பும் இந்நாளில் பெருந்திரளான மக்கள் பத்மசரோவரத்தில் நீராடுவர். எங்கும் அன்னதானம் நிகழும்.

ஏறத்தாழ அதே நாட்களில்தான் ஒடிசாவின் மேற்கு மாவட்டங்களான பலாங்கீர், நுவாபடா முதலியவற்றிலிருந்து குடும்பங்கள் ரயிலேறித் தெற்கே வருகின்றன. அறுவடைத் திருநாளுக்குப் பின் தரகரிடம் முன்பணம் பெற்று, அதை உழைத்துக் கழிக்க ஆந்திரம், தெலங்கானா, தமிழ்நாடு ஆகிய மாநிலங்களின் செங்கல் சூளைகளுக்குச் செல்வது அங்குள்ள வழக்கம். கணவன், மனைவி, உடன் ஓரிரு குழந்தைகள் என ஒரு குடும்பமே ஓர் உழைப்பு அலகாகக் கணக்கிடப்படுகிறது. கல் எண்ணிக்கைக்குக் கூலி என்பதால், காயவைத்த கல்லைத் திருப்பிப்போடும் குழந்தையின் கையும் அக்கணக்கில் சேர்ந்துவிடுகிறது. மழைக்கு முன் சூளை அணையும் வரை, அதாவது வைகாசி வரை, இந்த வேலை நீடிக்கும். பள்ளி ஆண்டின் பெரும்பகுதி அதற்குள் கழிந்துவிடும்.

ஒரு நாள் உணவும் ஒரு புத்தாடையும் இக்குழந்தைக்கு மகிழ்ச்சி தரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் இழப்பு ஆறு மாத இழப்பு. ஆறு மாதம் நீடிக்கும் துன்பத்துக்கு ஆறு மாதம் நீடிக்கும் உதவியே மருந்து. இதனை உணர்ந்து செய்யப்பட்ட முயற்சிகளுள் திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளில் நடத்தப்பட்ட பணியிடப் பள்ளிகள் குறிப்பிடத்தக்கவை. அனைவருக்கும் கல்வித் திட்டத்தின் கீழ் சூளைகளுக்கு அருகிலேயே வகுப்புகள் தொடங்கப்பட்டன. ஒடிசாவிலிருந்து ஒடியா மொழிப் பாடநூல்கள் வந்தன; அம்மொழி அறிந்த ஆசிரியர்களும் வந்தனர்.

தமிழ்நாட்டில் ஒடியா மொழிப் பள்ளி எதற்கு என்ற வினா எழலாம். வைகாசியில் அக்குழந்தை தன் ஊருக்குத் திரும்பும். அங்கு விட்ட இடத்திலிருந்து பாடம் தொடர வேண்டுமானால், இடைக்காலத்தில் படித்ததும் அதே பாடமாக இருக்க வேண்டும். மாறாக, ஒரே ஊரில் பல ஆண்டுகள் தங்கிவிட்ட குடும்பத்தின் குழந்தைக்கு அவ்வூர் மொழியே தேவைப்படும். கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017இல் தொடங்கிய 'ரோஷ்னி' திட்டம் இவ்வாறு நிலைத்துவிட்ட பிறமாநிலக் குழந்தைகளை, அவர்களது தாய்மொழியின் துணைகொண்டே மலையாள வகுப்பறைக்குள் அழைத்துச் சென்றது. திரும்பிச் செல்லும் குழந்தை எது, தங்கிவிடும் குழந்தை எது என்று அறிந்து அதற்கேற்ப உதவுவதே காலம் அறிதல்.

பாத்திரம்: குழந்தை தனித்து நிற்பதில்லை

தானம் பெறத் தகுந்தவர் யார் என்ற வினாவுக்குக் 'குழந்தை' என்று விடை கூறுவது எளிது. ஆயினும் குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரித்துப் பார்க்கும் தொண்டு பல வேளைகளில் வழிதவறுகிறது.

பெற்றோர் இருவரும் உயிரோடு, அன்போடு இருக்கையில், வறுமை என்னும் ஒரே காரணத்துக்காகக் குழந்தையை நிரந்தரமாக இல்லம் ஒன்றில் சேர்ப்பது கடைசி வழியாக இருக்க வேண்டுமேயன்றி முதல் வழியாக இருத்தலாகாது. வயதுக்கேற்பத் தேவையும் வேறுபடும். மூன்று வயதுக் குழந்தைக்கு வேண்டுவது தாயின் அருகாமை. அதற்குப் பணியிடக் காப்பகமே தக்கது. பத்து வயதுக் குழந்தைக்கு வேண்டுவது இடைவிடாத படிப்பு. அதன் பொருட்டு ஒடிசா மாநிலத்தில் பருவகால விடுதிகள் ஏற்பட்டன. பெற்றோர் வெளியூர் செல்லும் மாதங்களில் மட்டும் குழந்தை தன் ஊரிலேயே விடுதியில் தங்கித் தன் பள்ளியிலேயே படிக்கும்; பெற்றோர் திரும்பியதும் வீடு சேரும்.

பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று கூறி ஒதுங்குவோரும் உண்டு. இக்கூற்றை அனுபவத்தால் மறுத்தவர் சாந்தா சின்ஹா. அவர் பங்குகொண்டு 1981இல் தோன்றிய எம். வி. அறக்கட்டளை, ஆந்திரத்தின் ரங்காரெட்டி மாவட்டத்தில் கொத்தடிமைகளாகவும் கூலிகளாகவும் இருந்த குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துவரும் பணியில் ஈடுபட்டது. வயது கடந்துவிட்ட குழந்தைகளுக்கு முதலில் இணைப்பு முகாம்களில் பாடம் சொல்லி, பின்னர் வயதுக்குரிய வகுப்பில் சேர்த்தனர். வழி காட்டப்பட்டபோது, மிக ஏழ்மையான பெற்றோரும் தம் குழந்தையின் படிப்புக்காகத் தியாகம் செய்ய முன்வந்ததை அப்பணி நாட்டுக்குக் காட்டியது. 2003இல் சாந்தா சின்ஹாவுக்கு மகசேசே விருது கிடைத்தது. பெற்றோரை நம்புவதே இத்தொண்டின் அடித்தளம். மதியாமல் கொடுப்பது தாமஸம் என்று கீதை கூறுவதன் பொருள் இங்கு விளங்குகிறது.

குடும்பம் ஊரைவிட்டுச் செல்லாதிருக்க உதவுவதும் இத்தொண்டின் ஒரு பகுதியே. 2015 ஏப்ரல் 7 அன்று, திருமலையை உள்ளடக்கிய சேஷாசலக் காடுகளில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறப்பட்ட 20 தமிழகத் தொழிலாளர்கள் ஆந்திர சிறப்புப் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். திருவண்ணாமலை, தருமபுரி முதலிய மாவட்டங்களின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த அவர்களுள் மலைவாழ் மக்கள் பலர். அந்நிகழ்ச்சியின் சட்ட நியாயங்களை ஆராய்வது இப்பாடத்தின் நோக்கமன்று. எனினும் ஏழுமலையானைத் தரிசிக்க ஆண்டுதோறும் அம்மாவட்டங்களின் வழியே செல்லும் அன்பர்கள் ஒன்றை நினைக்க வேண்டும். தரகன் நீட்டும் முன்பணத்தைத் தந்தை மறுப்பதற்கு, அவன் ஊரிலேயே வேலையும், அவன் குழந்தைக்கு அருகிலேயே பள்ளியும் இருந்தாக வேண்டும். திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்டு 1981 முதல் இயங்கிவரும் ராஷ்ட்ரிய சேவா சமிதி போன்ற அமைப்புகள் கிராமங்களிலேயே பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான பணிகளைத் தேர்ந்துகொண்டதன் காரணமும் இதுவே.

சேவைக் குழுக்கள் செய்யத்தக்கவை

முதலாவது, கணக்கெடுப்பு. குழுவின் பகுதியிலுள்ள கட்டுமான இடங்கள், சூளைகள், கல்குவாரிகள் ஆகியவற்றுக்குச் சென்று, எத்தனை குழந்தைகள், என்ன வயது, என்ன மொழி, எப்போது திரும்புவர் என்று குறித்துக்கொள்ளுதல். பொருள் கொடுக்கும் முன் இதனைச் செய்தல் வேண்டும்.

இரண்டாவது, பள்ளிச் சேர்க்கை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டத்தின்படி, 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தையை, வயதுச் சான்று இல்லை என்றோ மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்றோ கூறி அரசுப் பள்ளி மறுத்தல் கூடாது. வயதுக்குரிய வகுப்பில் சேர்க்கவும், பின்தங்கியிருப்பின் சிறப்புப் பயிற்சி அளிக்கவும் அச்சட்டம் இடமளிக்கிறது. பெற்றோர் இதனை அறியார். மொழி தெரிந்த ஒரு தொண்டர் உடன் சென்றாலே பெரும்பாலான தடைகள் நீங்கும்.

மூன்றாவது, உணவும் உடல்நலமும். ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டம் 2022க்குள் எல்லா மாநிலங்களிலும் நடைமுறைக்கு வந்தது. சொந்த ஊர் அட்டையைக் கொண்டே வெளியூரில் தானியம் பெறலாம். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளையும் கருவுற்ற தாய்மாரையும் அருகிலுள்ள அங்கன்வாடியோடு இணைத்துவிட்டால், சத்துணவும் தடுப்பூசியும் தொடர்ந்து கிடைக்கும். ஒரு மூட்டை அரிசி தருவதைவிட இது நீடித்த உதவி.

நான்காவது, பிச்சையைத் தவிர்த்தல். திருத்தலங்களில் கையேந்தும் குழந்தையிடம் நாணயம் இடுவது புண்ணியம் என்று பலர் எண்ணுகின்றனர். அந்த நாணயம் மறுநாளும் அக்குழந்தையை அதே இடத்தில் நிறுத்தும். அது பள்ளிக்குச் செல்வதற்கு ஒரு தடையாகவும் ஆகும். அதற்குப் பதிலாக, குழந்தையோடும் அதன் பெற்றோரோடும் பேசி அவர்களைப் பள்ளியோடும் அங்கன்வாடியோடும் இணைப்பதே உகந்தது. ஆபத்தில் உள்ள குழந்தையைக் கண்டால் 1098 என்னும் எண்ணுக்குத் தெரிவித்தல் வேண்டும்.

ஐந்தாவது, தொடர்ச்சி. குடும்பம் ஊர் திரும்பும்போது குழந்தை படித்த பாடம், இடப்பட்ட தடுப்பூசி ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தனுப்புதல். நாடெங்கும் கிளைகளையுடைய இயக்கத்துக்கு இது எளிது. ஒரு மாநிலத்தின் குழு வழியனுப்ப, மற்றொரு மாநிலத்தின் குழு வரவேற்கலாம். அலைந்து திரியும் குழந்தைக்கு உற்ற துணை, அதனோடு கூடவே செல்லும் தொண்டுதான்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. கீதை கூறும் மூவகைத் தானங்களுள், குழுவின் சென்ற ஆண்டுச் சேவைகள் எவ்வகையைச் சார்ந்தவை? காரணம் கூறி ஆராய்க.

2. வகுளாதேவி, வராகசுவாமி, ஆகாசராஜன் ஆகிய மூவரும் அளித்த உதவிகள் எவ்வாறு வேறுபடுகின்றன? இன்று இடம்பெயர்ந்து வாழும் குடும்பத்துக்கு இம்மூன்றில் எது உடனடித் தேவை?

3. குழு உறுப்பினர் எவரேனும் வீடோ கடையோ கட்டிக்கொண்டிருப்பின், அங்கு வேலை செய்வோரின் குழந்தைகள் பகலில் எங்கே இருக்கின்றனர்?

மூன்றாவது வினாவுக்கு விடை தெரியாதவர்கள், அடுத்த கூட்டத்துக்கு முன் அவ்விடத்துக்கு நேரில் சென்று அறிந்து வருதல் நலம். பெயர் தெரிந்த ஒரு குழந்தையிலிருந்து தொடங்கும் சேவையே நிலைபெறும்.